பொறுத்தலும் மறைத்தலும்

துக்கம் உண்டு என்பதே பகவன் புத்தர் உலகிற்கு உணர்த்திய முதல் வாய்மை. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்னும் நான்கனுள் மூப்பைப் பற்றிப் பேசுங்கால் நரைத்த தலையையும், வளைந்த முதுகையும், ஊன்றுகோலையுமே நாம் நினைக்கின்றோம். சித்தார்த்தர் தேரேறிச் சென்றபொழுது கண்ட முதியவரின் உருவமே நம் மனக்கண்ணில் நிற்கின்றது. ஆனால் மூப்பு எல்லோரிடத்தும் ஒரே வாயிலின் வழியாக நுழைவதில்லை. பெண்டிரிடத்து அது தலை நரைக்குமுன்னரே, உழைப்பும் பொறுப்பும் உச்சத்தில் நிற்கும் நடுவயதிலேயே, அனல் வடிவில் வந்து நுழைகின்றது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களுக்குத் திடீர் திடீரென எழும் உடற்சூட்டையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். வீட்டுப் பெண்கள் இதனை ‘உடம்பு குப்பென்று காந்துகிறது’ என்பர். அதனையும் தம்முள் ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில்தான் சொல்லிக்கொள்வர்.

இத்துன்பத்தை எவரிடமும் சொல்லாது விழுங்கிக்கொள்ளும் பெண்ணை நாம் ‘பொறுமைசாலி’ எனப் புகழ்கின்றோம். ‘எங்கள் தாயார் ஒரு நாளேனும் முகம் சுளித்ததில்லை’ என்று பெருமையோடு பேசுகின்றோம். பொறுமையைப் பாரமிதைகளுள் ஒன்றாகக் கொண்ட நமக்கு அப்புகழ்ச்சி இயல்பாகவே தோன்றும். ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. பொறுத்தலும் மறைத்தலும் ஒன்றுதானா? சொல்லாமலிருத்தல் தம்மம் போற்றும் பொறுமையா, அன்றிச் சமூகம் பெண்ணின் வாயில் இட்ட பூட்டா? இக்கேள்வியைத் தம்மத்தின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இத்துன்பத்தின் இயல்பை அறிவோம். காரணம் அறியாது எதனையும் ஆராயப் புகுதல் நம் நெறியன்று.

பெண்ணுக்கு மாதவிடாய் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வாராதிருப்பின், அது நின்றுவிட்டதென மருத்துவர் கொள்வர். உலகில் பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதிற்கும் 55 வயதிற்கும் இடையில் நிகழ்கின்றது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46 வயதையொட்டி நிகழ்கின்றது. இது நோயன்று, உடலின் இயல்பான மாற்றம். சினைப்பைகள் சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதே இதன் அடிப்படை.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலமஸ் என்னும் சிறு உறுப்பு ஒன்றுண்டு. உடலின் வெப்பத்தை ஒரு வரம்பிற்குள் வைத்துக் காப்பது அதன் கடமைகளுள் ஒன்று. வெப்பம் அவ்வரம்பிற்குள் சற்றே ஏறினாலும் இறங்கினாலும் அது பொருட்படுத்துவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் ஹைப்போதலமஸிலுள்ள சில நரம்பணுக்கள் அளவுமீறிக் கிளர்ச்சியுறுகின்றன, அவ்வரம்பும் சுருங்கிவிடுகின்றது. அதன்பின், முன்னர் பொருட்படுத்தாத சிறு வெப்ப ஏற்றத்தையும் உடல் பெருவெப்பமாகக் கருதி, அதனைத் தணிக்க முற்படுகின்றது. தோலின் குருதிக்குழாய்கள் விரிகின்றன, முகமும் கழுத்தும் மார்பும் சிவந்து காந்துகின்றன, நெஞ்சு படபடக்கின்றது, வியர்வை பெருகுகின்றது. ஒன்று முதல் ஐந்து நிமிடங்களில் அது அடங்கியதும், இழந்த வெப்பத்தால் உடல் நடுங்கிக் குளிர்வதும் உண்டு. இரவில் இது நிகழுங்கால் படுக்கை நனைகின்றது, உறக்கம் குலைகின்றது, மறுநாளின் சோர்வும் எரிச்சலும் அதன் வழியே வருகின்றன. ஆக, நெருப்பில்லாத இடத்தில் நெருப்பை அணைக்க உடல் செய்யும் முயற்சியே இவ்வனல்.

நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஏதேனும் ஓரளவில் இதனை அனுபவிக்கின்றனர் எனப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ‘நாலு மாதத்தில் போய்விடும்’ என்று பலர் ஆறுதல் கூறுவதும் சரியன்று. அமெரிக்காவில் பல இனத்துப் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2015-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி, அடிக்கடி இவ்வனல் காண்போரிடத்து அது நீடித்த காலத்தின் நடு அளவு 7.4 ஆண்டுகள். கறுப்பினப் பெண்களிடத்து அது 10 ஆண்டுகளையும் கடந்தது. மனஅழுத்தம் மிகுந்தோரிடத்தும் அது நீண்டிருந்தது. இவ்விடத்து நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். உடலின் மாற்றம் எல்லாப் பெண்களுக்கும் பொது. ஆயின் அதன் சுமை எல்லோர் தலையிலும் சமமாக ஏறவில்லை.

இனி முதற்கேள்விக்கு வருவோம். ‘எல்லாம் முன்வினைப் பயன், அனுபவித்தே தீரவேண்டும்’ என்பது நம் நாட்டில் எத்துன்பத்திற்கும் கூறப்படும் ஆயத்த விடை. புத்த தம்மத்திலும் கம்மம் பேசப்படுவதால் இவ்விடை நம் இல்லங்களுக்குள்ளும் எளிதாக நுழைந்துவிடுகின்றது. ஆனால் பகவன் இக்கேள்விக்கு நேராகவே விடை பகர்ந்துள்ளார். மோளியசீவகன் என்னும் பரிவிராசகன் அவரை அணுகி, மனிதன் நுகரும் இன்பமும் துன்பமும் யாவும் முற்செயலால் விளைந்தனவே என்று சிலர் கூறுகின்றனரே, அது உண்மையா என வினவினான். பகவன் அதனை மறுத்தார். சில வேதனைகள் பித்தத்தால் எழுகின்றன, சில ஐயத்தால், சில வாதத்தால், சில இவை கூடியதால், சில பருவ மாற்றத்தால், சில முறைகேடான பழக்கங்களால், சில பிறர் தாக்குதலால், சில வினைப்பயனால் என எட்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். யாவும் முன்வினையே என்பார் தாம் நேரில் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்றும் உரைத்தார். சம்யுத்த நிகாயத்தில் இவ்வுரையாடல் பதிவாகியுள்ளது.

வாதம், பித்தம், ஐயம் என்னும் சொற்கள் தமிழ் மருத்துவத்தை அறிந்த நமக்குப் புதியன அல்ல. தென்னாட்டில் தம்மத்தை மீட்டெடுத்து 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டித அயோத்திதாசரும் ஒரு சித்த மருத்துவரே. நோய்க்குக் காரணம் உண்டு, காரணத்தை அறிந்தால் அதனை நீக்கும் வழியும் உண்டு என்பது மருத்துவ நெறி; நான்கு வாய்மைகளின் அமைப்பும் அதுவே. பாபாசாகேப் அம்பேத்கரும், முற்பிறவி வினையே இப்பிறவியின் இழிவுக்குக் காரணம் என்னும் கோட்பாட்டைத் தம் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற நூலில் கடிந்து ஆராய்ந்தார். அந்நூல் அவர் மறைந்தபின் 1957-இல் வெளிவந்தது. ஏழையின் வறுமைக்கு அவனுடைய வினையே காரணமெனின், சமூகத்திற்கு யாதொரு பொறுப்பும் இல்லையென்று ஆகிவிடும் என்பது அவர் கண்ட அபாயம். அதே அபாயம் இங்கும் உள்ளது. ஐம்பது வயதுப் பெண்ணின் அனலுக்கு அவள் வினையே காரணமெனில், கணவனுக்குக் கடமையில்லை, மகனுக்குக் கடமையில்லை, அவள் வேலை செய்யும் தொழிற்சாலைக்கும் கடமையில்லை. வினைக்கோட்பாடு இவ்வாறு பயன்படுமாயின் அது தம்மமன்று; கைகழுவும் நீரே.

இரண்டாவது, தூய்மை பற்றிய பேச்சு. மாதவிடாய்க் காலத்தில் பெண்ணைத் தீட்டு என ஒதுக்கிவைத்த அதே சமூகம், அது நின்றபின் ‘இனி அவள் சுத்தமானவள்’ எனச் சில கதவுகளைத் திறக்கின்றது. சபரிமலைக் கோயிலில் 10 முதல் 50 வயது வரையிலான பெண்கள் நுழையலாகாது என்ற வரையறை இக்கருத்தையே அடியாகக் கொண்டது. அத்தடை செல்லாதென 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதையொட்டிப் பெரும் எதிர்ப்பு எழுந்ததும் யாவரும் அறிந்ததே. எம் கருத்தில், அவ்வெல்லைக்கு முன்னே பெண்ணை இழிவுபடுத்துவதும் பின்னே அவளைப் புகழ்வதும் ஒரே நாணயத்தின் இரு முகங்கள். தீட்டென்னும் சொல்லால் தலைமுறை தலைமுறையாகச் சுடப்பட்டவர்கள் நாம். நம் முன்னோரைத் தெருவிற்கு வெளியே நிறுத்திய கருத்தும், நம் பெண்களை வீட்டின் மூலையில் அமர்த்திய கருத்தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். முன்னதை மட்டும் உதறிப் பின்னதை வைத்துக்கொள்வது அரைகுறை மதமாற்றமே. உதிரம் வந்தபோது அவள் தீண்டத்தகாதவளும் அல்லள். நின்றபின் புனிதமானவளும் அல்லள். தூய்மையும் அழுக்கும் செயலாலும் எண்ணத்தாலும் வருவன என்பதே நாம் ஏற்ற நெறி.

மூன்றாவதாக, நாம் எடுத்துக்கொண்ட பொறுமையை நோக்குவோம்.

பகவன் ஓர் உவமை கூறினார். ஒருவன் மேல் அம்பொன்று தைக்கின்றது, உடல் வலிக்கின்றது. பயிற்சியற்றவன் அவ்வலியைக் கண்டு புலம்பி, அஞ்சி, வெறுப்புற்று, தன் மனத்தில் இரண்டாவது அம்பையும் தைத்துக்கொள்கின்றான். பயிற்சியுற்றவனுக்கு முதல் அம்பு மட்டுமே உண்டு. இவ்வுவமை மாதவிடாய் நிற்கும் பருவத்தின் அனலுக்கு வியத்தகு முறையில் பொருந்துகின்றது. உடலில் எழும் சூடு முதல் அம்பு. ‘பலர் நடுவே முகம் சிவக்கின்றதே, யார் என்ன நினைப்பாரோ, என் இளமை தீர்ந்ததே, எனக்கு ஏதோ கொடிய நோயோ’ என்னும் கலக்கம் இரண்டாவது அம்பு. அக்கலக்கமே படபடப்பைக் கூட்டி, வியர்வையின் தொல்லையையும் மிகுவிக்கின்றது.

இதனை ஆய்வுகளும் ஆதரிக்கின்றன. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 110 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினர்க்கு விழிப்புணர்வுத் தியானம் எட்டு வாரங்கள் கற்பிக்கப்பட்டது. அனலின் கடுமை இரு குழுவினரிடத்தும் தெளிவாக வேறுபடவில்லை. ஆனால் அனலால் விளையும் தொல்லை தியானம் பயின்றோரிடத்து மிகுதியும் குறைந்தது; உறக்கம் சீர்பட்டது; கவலை தணிந்தது. முதல் அம்பு அப்படியே இருக்க, இரண்டாவது அம்பு பிடுங்கப்பட்டது என்று இதனை நாம் சொல்லலாம். தியானத்தால் எல்லாம் தீரும் என்று மிகையாகப் பேசுவோர் இவ்வாய்வின் இரு பகுதிகளையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

ஏனெனில், இரண்டாவது அம்பைப் பற்றிய போதனை, முதல் அம்பை உடலிலேயே விட்டுவைக்கச் சொல்லும் போதனையன்று. தைத்த அம்பை எவன் எய்தான் என்றெல்லாம் வினவிக் காலம் கழியாது முதலில் அதனைப் பிடுங்கவேண்டும் என்று வேறோர் இடத்தில் வற்புறுத்தியவரும் அப்பகவனே. பிக்குவுக்கு இன்றியமையாத நான்கு பொருள்களை வகுத்தபொழுது உடை, உணவு, உறையுள் ஆகியவற்றோடு மருந்தையும் சேர்த்தவர் அவர். தாமே நோயுற்றபொழுது ஜீவகன் என்னும் மருத்துவனின் மருந்தை ஏற்றார். முதுமையில் முதுகு நோவுற்ற ஒரு நாளில், சபையினர்க்கு அறம் உரைக்குமாறு சாரிபுத்தரைப் பணித்துத் தாம் சற்றே சாய்ந்து இளைப்பாறினார். தம் முதுகு நோவைத் திறந்து சொல்வதற்கு ததாகதர் கூசவில்லை. அவர் கூசாத இடத்தில் நம் உபாசிகைகள் ஏன் கூசல் வேண்டும்?

விநயபிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவனும் ஆனந்தரும் கண்டனர். பகவன் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். இருவருமாக அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். நோயாளிக்குப் பணிசெய்வது தமக்கே பணிசெய்வதாகும் என்று அப்பொழுது பகவன் சங்கத்திற்கு அறிவுறுத்தினார். இந்நிகழ்ச்சியை நாம் பலரும் அறிவோம். அதனையடுத்து அவர் கூறியவற்றைப் பலரும் கருதுவதில்லை. எத்தகைய நோயாளிக்குப் பணிவிடை செய்தல் அரிது, எத்தகையோர்க்கு எளிது என அவர் ஐந்து இயல்புகளை எண்ணிக் கூறினார். நன்மை தருவதைச் செய்தல், அளவறிதல், மருந்துண்ணல், நோய் ஏறுவதையும் இறங்குவதையும் நிற்பதையும் தன்னைப் பேணுவோரிடம் உள்ளவாறே சொல்லல், உடலில் எழும் கடுந்துன்பத்தைப் பொறுத்தல் ஆகிய ஐந்தும் நல்ல நோயாளியின் இயல்புகள்.

இவ்வரிசையை ஊன்றிப் பாருங்கள். நோயை உள்ளவாறே சொல்லல் நான்காவது. துன்பத்தைப் பொறுத்தல் ஐந்தாவது. இரண்டும் அடுத்தடுத்து, ஒன்றற்கொன்று துணையாக நிற்கின்றன. பொறுப்பவள் சொல்லமாட்டாள், சொல்பவள் பொறுக்கமாட்டாள் என்பது நாமாகக் கட்டிய எதிர்மறை. அது தம்மத்தில் இல்லை. சொல்லவேண்டியவரிடம் உள்ளவாறு சொல்லி, செய்யவேண்டியதைச் செய்து, அதன்பின்னும் எஞ்சி நிற்கும் துன்பத்தைக் கலங்காது ஏற்பதே பொறுமை. சொல்லாதிருத்தலால் மட்டும் விளைவது மறைத்தல். பொறுமையில் விழிப்புண்டு, மறைத்தலில் அச்சமே உண்டு. எம் கேள்விக்கு விடை இதுவே.

இங்கு ஒரு தடை எழும். ‘நம் பாட்டிமார் எவரும் இதனைப் பேசவில்லையே; அவர்கள் வாழவில்லையா? இது இக்காலத்தார் கண்டெடுத்த புதுத் துன்பமன்றோ?’ என்பர். பேசப்படாதது இல்லாததாகிவிடாது. பெண்களுக்கே உரிய ஐந்து துன்பங்களைப் பகவன் ஒருமுறை எண்ணிக் கூறினார்: இளமையிலேயே உற்றாரைப் பிரிந்து கணவன் வீடு செல்லல், மாதவிடாய், கருவுறல், மகப்பேறு, ஆடவனுக்குப் பணிசெய்தல் என்பன அவை. மாதவிடாய் நிற்கும் பருவம் அவ்வெண்ணிக்கையில் இல்லை என்பது உண்மையே. ஆயின் அவ்வுரை எவரை நோக்கிக் கூறப்பட்டது என்பதைக் கருதுக. துறவு பூண்ட ஆடவராகிய பிக்குகளை நோக்கியே அது கூறப்பட்டது. பெண்ணின் உடல் படும் துன்பம் பெண்கள் தம்முள் முணுமுணுத்துக்கொள்ள வேண்டிய செய்தியன்று, ஆடவரும் அறிந்து சிந்திக்கவேண்டிய வாய்மை என்பதே அதன் உட்பொருள். தேரிகாதையில் அம்பபாலி தன் உடலின் மூப்பை உறுப்புறுப்பாக வெளிப்படப் பாடினாள். இருபத்தைந்து நூற்றாண்டுகட்கு முன் வெட்கமின்றிப் பேசப்பட்டதை இன்று நாம் வெட்கி மறைப்பது முன்னேற்றமன்று.

சரி, செய்யத்தக்கன யாவை? மெல்லிய பருத்தி ஆடைகளை அடுக்காக உடுத்தல், படுக்கும் இடத்தில் காற்றோட்டம், அருகே குளிர்ந்த நீர், மெதுவான மூச்சுப் பயிற்சி ஆகியன அனல் எழும் வேளையில் ஆறுதல் தருவன. சூடான பானமும் மிகுந்த காரமும் சிலர்க்கு அனலைத் தூண்டுகின்றன. தமக்கு எது தூண்டுகின்றது என்பதை ஒரு சிறு ஏட்டில் குறித்துவந்தால் தெளியலாம். புகையிலையும் கள்ளும் சாராயமும் ஐந்து சீலங்களை ஏற்ற நம் இல்லங்களில் இருத்தலே தகாது. உடல் எடை மிகுந்தோர் அதனைக் குறைப்பதாலும் பயன் காண்கின்றனர்.

இவற்றால் அடங்காதபொழுது மருத்துவம் நாடல் வேண்டும். குறைந்துபோன சுரப்பை மருந்தாகத் தருவதே இவ்வனலுக்கு மிகவும் பயனளிக்கும் சிகிச்சை. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பேராய்வு மார்பகப் புற்றுநோய், இதயநோய் முதலிய அபாயங்களைக் காட்டி இடையில் நிறுத்தப்பட்டதும், உலகெங்கும் பெண்கள் அச்சமுற்று இச்சிகிச்சையைக் கைவிட்டனர். பின்னர் நிகழ்ந்த மறுஆராய்ச்சிகள், 60 வயதிற்குட்பட்டோர், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் ஆகாதோர், வேறு தடையில்லாதவராயின், அவருள் பெரும்பாலோர்க்கு இதன் நன்மையே மிகும் எனத் தெளிவுபடுத்தின. ஆயினும் மார்பகப் புற்றுநோய் கண்டோர்க்கும், குருதிக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் உற்றோர்க்கும் இது பொதுவாக ஏற்றதன்று. கருப்பை உள்ளோர்க்கு ஈஸ்ட்ரோஜன் தனியே தரப்படுவதில்லை. கருப்பையைக் காக்க வேறொரு சுரப்பும் உடன் தரப்படும். சுரப்பு மருந்து ஏலாதோர்க்கு வேறு மருந்துகளும் உள. ஹைப்போதலமஸின் நரம்பணுக்களிலேயே செயற்படும் ஃபெசோலினெடன்ட் என்னும் மருந்திற்கு 2023-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இவற்றுள் எது எவர்க்கு ஏற்றது என்பதை மருத்துவரே ஆராய்ந்து கூறவேண்டும். மூலிகை என்னும் பெயர் கொண்டதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதையும் நினைவிற் கொள்க.

வேறு இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் தோன்றின் அதனை வயதின் கோளாறு என்று விட்டுவிடலாகாது. உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். இரவு வியர்வையோடு காய்ச்சலும், இருமலும், எடை குறைதலும் கூடுமாயின் அது காசநோயாகவும் இருக்கலாம். மறைக்கும் பழக்கம் உயிருக்கே உலைவைக்கும் இடங்கள் இவை.

இனி, மறுபுறத்து எல்லை ஒன்றுண்டு. சொல்லாது மறைத்தல் ஓர் எல்லையெனில், சொன்னவளைக் கத்தியின்கீழ்க் கிடத்தல் மற்றோர் எல்லை. ‘பிள்ளை பெற்றாயிற்று, இனிக் கருப்பை எதற்கு?’ என்று ஏழைப் பெண்களின் கருப்பையைத் தேவையின்றி அறுத்தெடுக்கும் கொடுமை இந்நாட்டில் நிகழ்ந்துள்ளது. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பை இழந்த செய்தி 2019-ஆம் ஆண்டில் நாட்டையே அதிரவைத்தது. பீகார், சத்தீசுகர், இராசத்தான் மாநிலங்களில் நிகழ்ந்தவை குறித்துத் தொடரப்பட்ட வழக்கில், தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் ஏற்று நடத்தவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. இக்கத்திக்கு இரையானோருள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைக்கும் பெண்களே. கருப்பையோடு சினைப்பைகளும் நீக்கப்பட்டால், ஆண்டுகள் பல கடந்து மெல்ல வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து தாக்குகின்றது, அனலும் கடுமையாகின்றது, எலும்புகளும் விரைவில் வலுவிழக்கின்றன. உயிர் காக்க அறுவை வேண்டிய நிலைகள் உண்டு; அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் அறுவைக்கு உடன்படுமுன் வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டல் நலம். உடலை வதைத்தலும் வேண்டா, உடலின் பேரில் அச்சமுற்று எதற்கும் இணங்கலும் வேண்டா என்பதே இங்கு நடுவழி.

கடைசியாக, பிறர் கடமை. அம்பு இரண்டு என்று கூறினோம். மூன்றாவதாக ஒன்றையும் சொல்லவேண்டியுள்ளது. அது சுற்றியிருப்போர் எய்யும் அம்பு. ‘வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே’ என்னும் அலட்சியமும், ‘சிடுசிடுப்புக்காரி’ என்னும் ஏளனமும், வியர்த்து நிற்பவளைக் கண்டு நகைக்கும் நகைப்பும் அவ்வகையின. இந்த அம்பைப் பிடுங்கும் பொறுப்பு அவளுடையதன்று, எய்தவருடையது.

மணிமேகலை வரலாற்றில் காயசண்டிகை என்பாள் ஒருத்தி வருகின்றாள். எவ்வளவு உண்டாலும் தணியாது வயிற்றினுள் எரியும் யானைத்தீ என்னும் நோய் அவளுக்கு. ஒரு முனிவரின் சாபத்தால் வந்தது அந்நோய் என்பது கதை. ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்ற மணிமேகலை, அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறிட்டு அவள் தீயைத் தணித்தாள். ‘சாபத்தை அனுபவித்துத் தீர்’ என்று உபதேசிக்கவில்லை. ‘உன் பொறுமை வாழ்க’ என்று புகழவுமில்லை. உள்ளே எரிகின்றது என்று ஒருத்தி சொன்னாள். மற்றொருத்தி கையிலிருந்ததை இட்டாள். தமிழில் பௌத்தம் நமக்கு விட்டுச்சென்ற அறம் இது.

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டபின், மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் விடியுமுன்னரே தொடர்வண்டி ஏறி, பெங்களூர் வந்து உழைத்து, இருட்டியபின் வீடு திரும்பும் நம் பெண்களை எண்ணிப் பார்ப்போம். நெருங்கிய பெட்டியில் நின்றுகொண்டே செல்லும் பயணத்தில் அனல் எழுகின்றது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இயந்திரங்களிடையே அனல் எழுகின்றது. தெருவைப் பெருக்கும் வெயிலில் அனல் எழுகின்றது. குடிநீரும், காற்றும், கழிப்பறையும், சற்று உட்கார ஓரிடமும் அவளுக்கு வேண்டும். தொழிற்சாலைகளில் காற்றோட்டமும் குடிநீரும் கழிப்பறையும் இருத்தல் வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அன்றே விதித்தது. ஆதலின் இவை சலுகையல்ல, உரிமை. இவ்வுரிமையைக் கேட்பதற்கும் அவள் வாய் திறக்கவேண்டும். அவளோடு நாமும் வாய் திறக்கவேண்டும்.

வீட்டில் உள்ளோர்க்குப் பெரும் பொருட்செலவு எதுவும் இல்லை. இரவு உறக்கம் கெட்டவளுக்கு விடியற்காலை அடுப்பைப் பகிர்ந்துகொள்ளும் கை வேண்டும். மருத்துவமனைக்கு உடன்செல்ல ஒருவர் வேண்டும். சாளரத்தருகே படுக்கை வேண்டும். சங்கங்களின் பௌர்ணமிக் கூட்டங்களில் ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஒரு பெண் மருத்துவரை அழைத்து இதுபற்றிப் பேசச்செய்தல் நன்று. அக்கூட்டத்தில் ஆடவரும் அமர்ந்திருத்தல் அதனினும் நன்று. பிக்குகள் கேட்கத்தக்கதாய் இருந்த செய்தி நம் ஆடவர் கேட்கத்தகாததாகிவிடாது.

உபாசிகைகளுக்கு நாம் விண்ணப்பிப்பது ஒன்றே. அனல் எழும்போது அது எழுந்ததென அறியுங்கள். அடங்கும்போது அடங்கிற்றென அறியுங்கள். எழுந்தவை யாவும் அடங்கும் என்னும் அநித்தத்தை உங்கள் உடலே நாள்தோறும் பலமுறை போதிக்கின்றது. ஆனால் அவ்வறிவைப் பெற்றவள் வாயடைத்து இருக்கவேண்டும் என்று எச்சூத்திரமும் கூறவில்லை. அறிந்ததை அருகிலிருப்பவரிடம் உள்ளவாறே சொல்லுங்கள். கேட்பவர் கடமை அங்கிருந்து தொடங்குகின்றது.